உபதேசமும் சிபாரிசும்

புருஷகாரம் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்ல வேண்டிய இடங்களில் 'சிபாரிசு' என்னும் சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. உபந்யாஸங்களில் மட்டுமன்று, எளிய நடையில் அச்சாகும் ரஹஸ்யக்ரந்த விளக்கங்களிலும் பிராட்டி பெருமாளிடம் நமக்காகச் சிபாரிசு செய்கிறாள் என்றே எழுதுகிறார்கள். பாரசீகத்திலிருந்து வந்து அரசாங்கக் கச்சேரிகளின் வழியாக நம் பேச்சில் புகுந்த சொல் அது. மணிப்ரவாளத்தில் அருளிச்செய்த ஆசார்யர்களின் அடியார்களுக்கு வேற்றுச்சொல்லிடம் வெறுப்பு ஆகாது. ஆகவே சொல் வந்த வழியில் அடியேனுக்குத் தடையில்லை. அது தன்னோடு கொண்டுவரும் பொருளில்தான் தடை.

அடியேனும் இளமையில் இந்தச் சொல்லை ஆண்டதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலக்ஷேபத்தின் முடிவில் ஓர் இளைஞர் எழுந்து, "ஸ்வாமி, அங்கேயும் சிபாரிசுதானா?" என்று கேட்டார். கோஷ்டியில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. தமக்கு வரவேண்டிய ஓர் உத்யோகம் சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்த வேறொருவருக்குப் போனதைப் பிறகு தனியே சொன்னார். அன்று அவருக்கு அடியேன் சொன்ன ஸமாதானம் அடியேனுக்கே திருப்தியளிக்கவில்லை. த்ருஷ்டாந்தத்தை ஓர் அம்சத்தில் மட்டுமே கொள்ள வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன். ஆனால் த்ருஷ்டாந்தமாக வந்த சொல் பொருளாகவே நிலைபெற்றுவிட்ட பிறகு அந்த ஸமாதானம் செல்லாது.

சிபாரிசு செய்பவர் செய்வது என்ன? பரிந்து பேசப்படுபவனிடம் இல்லாத தகுதியை உள்ளதாகக் காட்டுவார். உள்ள குற்றத்தை மறைப்பார். இரண்டும் பலிக்காவிட்டால் தம் செல்வாக்கை நிறுத்துவார். கேட்கும் அதிகாரி, உண்மையைச் சற்றே அறியாதவராகவோ, அறிந்தும் முகதாட்சண்யத்துக்கு வளைபவராகவோ இருந்தால்தான் இது நடக்கும். ஸர்வஜ்ஞனும் ஸமனுமான எம்பெருமானிடத்தில் இந்த இரண்டில் எதை வைப்பது? 'சிபாரிசு' என்று சொன்ன மாத்திரத்தில், ஒன்று அவனுடைய ஞானத்துக்குக் குறை வருகிறது, அல்லது அவனுடைய ஸாம்யத்துக்குக் குறை வருகிறது. பிராட்டிக்கும் ஏற்றமில்லை, குற்றத்தை மறைத்துப் பேசியவள் ஆகிறாள்.

பிள்ளை லோகாசார்யர் இவ்விடத்தில் இட்ட சொல் 'உபதேசம்'. அதிலும் வியப்பு, அந்த ஒரே சொல்லை இரண்டு பக்கத்துக்கும் இட்டது. சேதனனுக்கும் உபதேசம், ஈச்வரனுக்கும் உபதேசம். பிரிந்திருக்கும் தசையில் அவள் சேதனனைத் திருத்துகிறாள். கூடியிருக்கும் தசையில் ஈச்வரனைத் திருத்துகிறாள். 'திருத்துதல்' என்னும் வினையை ஈச்வரன் விஷயத்தில் கூசாமல் ப்ரயோகித்ததைப் பார்க்க வேண்டும். பிழை திருத்துவது என்னும் இன்றைய பொருளை மட்டும் கொண்டால் இது பெரிய அபசாரமாகத் தோன்றும். நிலம் திருத்துவது என்னும் பழைய வழக்கைக் கொண்டால் தெளியும். நிலத்தைத் திருத்துகிறவன் புதிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. கல்லையும் களையையும் நீக்கி, மேடுபள்ளத்தை ஒழுங்குபண்ணி, அந்த நிலத்தில் முன்பே இருக்கும் விளைவுத்திறன் வெளிப்பட வழி செய்கிறான். இருபாலும் நீங்க வேண்டிய களையாக ஸூத்ரகாரர் காட்டுவது கர்மபாரதந்த்ர்யத்தை. சேதனன் தன் வினைக்கு வசப்பட்டுக் கிடக்கிறான். ஈச்வரனோ அந்த வினைக்குத் தக்க பலன் கொடுப்பதாகத் தானே ஒரு நியமம் செய்துகொண்டு அதற்கு வசப்பட்டவன்போல் நிற்கிறான். அவனிடம் கிருபை இல்லாமலில்லை. அதன்மேல் நியமம் என்னும் மண் மூடியிருக்கிறது.

இப்படிப்பட்ட உபதேசத்தின் வடிவத்தை வால்மீகியில் நேரே காணலாம். யுத்தம் முடிந்து வெற்றிச் செய்தியோடு அசோகவனத்துக்கு வந்த திருவடி, பிராட்டியை மாதக்கணக்கில் அச்சுறுத்திய ராக்ஷஸிகளைக் கொல்ல அனுமதி வேண்டுகிறார். அவர் சாமான்யப் பேச்சாளர் அல்லர். பம்பைக் கரையருகே அவர் பேசிய முதற்பேச்சைக் கேட்டே, மூன்று வேதமும் கற்றுத் தேறாதவனுக்கு இவ்வாறு பேச வாராது என்று இளைய பெருமாளிடம் பெருமாள் கொண்டாடினார். அவர் கேட்பதும் நியாயமில்லாதது என்று சொல்ல முடியாது. அந்த ராக்ஷஸிகள் பேசியதை மரத்தின் மேலிருந்து தம் காதாலேயே கேட்டவர் அவர்.

பிராட்டியின் மறுமொழியை வரிசையாகப் பார்க்க வேண்டும். அரசனுக்கு அடங்கிய வேலைக்காரிகள், அவன் ஏவியதைச் செய்தவர்கள், அவர்கள்மேல் கோபிப்பார் உண்டோ என்று தொடங்குகிறாள். அடுத்து, தான் பட்டது தன் பாக்யத்தின் விளைவு என்கிறாள். இவ்வளவோடு நின்றிருந்தால் இதைச் சிபாரிசு என்று சொல்வாருக்கு இடமுண்டு. குற்றத்தின் கனத்தைக் குறைத்துக் காட்டும் பேச்சாகவே இது இருந்திருக்கும். அவள் நிற்கவில்லை. புலியும் கரடியும் பேசிக்கொண்ட பழங்கதையை எடுக்கிறாள். மரத்தில் தஞ்சம் புகுந்த வேடனைத் தள்ளிவிடும்படி புலி சொன்னபோது கரடி மறுத்த கதை அது. அதன்மேல் வருவதுதான் முக்கியம்: பாபிகளாயினும், நல்லவர்களாயினும், கொல்லத் தக்கவர்களாகவே இருப்பினும், பெரியோர் இரக்கமே காட்ட வேண்டும், குற்றம் செய்யாதவர் எவருமில்லை என்கிறாள். திருவடியின் கட்சியை இங்கே முழுவதும் ஒப்புக்கொண்டாயிற்று. இவர்கள் வதத்துக்கு உரியவர்களாகவே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு, அந்த நிலையிலும் உன் கடமை எது என்று அவரைத் திருப்புகிறாள். அவருடைய ஆர்ய ஸ்வபாவத்தை அவருக்கு நினைப்பூட்டினாளே தவிர ராக்ஷஸிகளுக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதித் தரவில்லை. திருவடியும் எதிர்வாதம் செய்யவில்லை. பெருமாளுக்குத் தகுந்த தர்மபத்நி தேவரீரே என்று சொல்லி, பெருமாளுக்கு எடுத்துச் செல்ல மறுசெய்தியைக் கேட்டு நின்றார்.

இந்தக் கட்டத்தை ஸ்ரீகுணரத்நகோசத்தில் எடுத்த பராசர பட்டர், அந்தக் குற்றத்துக்கு 'ஆர்த்ர' என்று அடைமொழி கொடுத்தார். ஈரம் உலராத குற்றம் என்றபடி. குற்றம் பழகிப்போய் மறந்துவிட்டது, தேய்ந்துவிட்டது என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்றே அந்தச் சொல்லைத் தேர்ந்தார் என்று தோன்றுகிறது. சரணம் என்று சொன்ன காகத்தையும் விபீஷணனையும் காத்த பெருமாளின் கோஷ்டி, சொல்லாதவர்களையும் காத்த இவள் முன்னே சிறுத்துவிட்டது என்று அவர் அங்கே ரஸித்தது ப்ரஸித்தம்.

இனி ராவணனிடம் பேசியது. ஸுந்தரகாண்டத்தில் துரும்பை இடையிலே போட்டுப் பேசும் அந்த ஸர்க்கத்தை நிந்தை என்று எண்ணிப் படித்துவிடுகிறோம். கடுஞ்சொற்கள் இருக்கின்றன. ஆயினும் அதன் நடுவில், உன் இடத்தைக் காத்துக்கொள்ள விரும்பினால், கொடிய மரணத்தை விரும்பாவிட்டால், ராமனை மித்ரனாக்கிக்கொள் என்று ஒரு வார்த்தை வருகிறது. காலில் விழு என்று சொல்லாமல் மித்ரனாக்கிக்கொள் என்றது ஏன்? செருக்குடையவன் காதில் சரணம் என்னும் சொல் ஏறாது. அவனுக்கு ஏறக்கூடிய சொல்லால் சொன்னாள் என்பது பூர்வர்களின் நிர்வாஹம். கேட்பவனுடைய நிலைக்குத் தக்கபடி சொல்லைத் தேர்ந்தெடுக்கும் திறம் இது. ஆனால் சொல்லைத் தாழ்த்தினாளே ஒழிய விஷயத்தைத் தாழ்த்தவில்லை. அடுத்த மூச்சிலேயே அவன் சரணாகதவத்ஸலன் என்று சொல்லி, மித்ரன் என்றது எதை என்று காட்டிவிடுகிறாள். கசப்பு மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுத்தவள், உள்ளே மருந்து இருப்பதையும் சொல்லியே கொடுத்தாள்.

இதற்கு எதிரொலி யுத்தகாண்டத்தில் கடற்கரையில் கேட்கிறது. விபீஷணாழ்வான் ஆகாயத்தில் நிற்க, கீழே முதலிகளுக்குள் வாதம் நடந்து முடிந்தபின் பெருமாள் அருளிச்செய்தது, மித்ரன் என்னும் பாவனையோடு வந்தவனைக் கைவிடேன் என்பது. வந்தவன் அறிவித்தது சரணம். இவர் ஏற்றது மித்ரன் என்று. சரணாகதனைத் தோழனாகக் கொள்ளும் பெருமாளின் திருவுள்ளம் இது என்று வ்யாக்யாதாக்கள் விரிப்பர். அசோகவனத்தில் பிராட்டி இட்ட சொல்லையும் கடற்கரையில் பெருமாள் இட்ட சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ராவணனை இணங்கச் செய்வதற்காக அவள் எதையும் கற்பித்துச் சொல்லவில்லை. பெருமாள் எந்தச் சொல்லால் ஏற்பாரோ அந்தச் சொல்லையே சொன்னாள். அண்ணன் கேட்க மறுத்த சொல் தம்பிக்குப் பலித்தது. இந்தப் பொருத்தத்தை உபந்யாஸகர்கள் இன்னும் எடுத்துச் சொல்லலாம்.

அந்தக் கடற்கரை வாதத்தில் திருவடி பேசத் தொடங்கும்போது சொல்லும் முகவுரையும் நம் விஷயத்துக்கு வேண்டியது. வாதத்துக்காகவோ, மற்ற மந்திரிகளோடு போட்டியாலோ, நான் மேம்பட்டவன் என்பதாலோ, ஆசையாலோ பேசவில்லை. காரியத்தின் கனத்தினாலே பேசுகிறேன் என்கிறார். மேடை ஏறுகிற எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகள் அதில் இருக்கின்றன. முடிவில் மஹாராஜரான ஸுக்ரீவரைப் பெருமாள் ஆணையிட்டு அடக்கவில்லை. தன் பேடையைப் பிடித்த வேடனுக்கும் விருந்திட்ட புறாவின் கதையையும் கண்டு முனிவரின் வார்த்தையையும் சொல்லி, அவர் மனம் இசையும்படி பேசி, அழைத்துவாரும் என்று அவரிடமே காரியத்தை ஒப்படைத்தார். ஆணையிட வல்லவன் இசைவிக்கப் பேசினான்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். ராவணன் கேட்கவில்லையே, அந்த உபதேசம் வீணன்றோ? இந்தக் கேள்வியைப் பிள்ளை லோகாசார்யர் அறியாதவரல்லர். இரண்டு இதிஹாஸங்களின் ஸாரத்தையும் அவர் வடித்தபோது, ஸ்ரீராமாயணத்திலிருந்து சிறையிருந்தவளை எடுத்தார். மஹாபாரதத்திலிருந்து தூது போனவனை எடுத்தார். சிறையில் இருந்தவளின் ஹிதத்தைக் கேட்கவேண்டியவன் கேட்கவில்லை. துர்யோதன ஸபையில் தூதனின் வார்த்தையும் ஏறவில்லை. பலித்த பேச்சுகள் இரண்டு இதிஹாஸங்களிலும் எத்தனையோ இருக்க, அந்த இரண்டு பெயர்களையே முன்வைத்தார். அந்த ஸூத்ரத்தின் நேர்நோக்கு புருஷகார உபாய வைபவங்களைச் சொல்வதே. பேச்சின் இலக்கணம் சொல்வதன்று. ஆயினும் அவர் எடுத்த இடங்களைப் பார்த்தால், கேட்டவன் இசைந்தானா என்பதைக் கொண்டு அவர் அந்தப் பேச்சை மதிக்கவில்லை என்பது தெளிவு. சிபாரிசுக்கோ பலித்தால்தான் பெயர். பலிக்காத சிபாரிசை எவர் கொண்டாடுவர்?

முமுக்ஷுப்படி இதற்கு மேலும் ஒரு நுட்பம் காட்டுகிறது. காகம் உயிர் தப்பியதும் ராவணன் முடிந்ததும், அருகே பிராட்டி இருந்ததையும் இல்லாததையும் பற்றி என்று அங்கே காட்டப்படுகிறது. ராவணன் அவளுடைய உபதேசத்தைக் கேட்டவன். காகத்துக்கு அவள் உபதேசித்ததாக வால்மீகி சொல்லவில்லை. மூவுலகும் சுற்றி வந்து விழுந்த காகத்தின் தலையைப் பெருமாள் திருவடிப் பக்கமாகத் திருப்பி வைத்தாள் என்னும் பாத்மபுராணக் கதையையே பெரியோர் இங்கே எடுப்பர். அங்கே வார்த்தையில்லை, கையொன்றே. ஆக, சேதனன் பக்கத்துப் பேச்சு மட்டும் போதாது, ஈச்வரன் பக்கத்திலும் அவள் இருக்க வேண்டும் என்பது தேறுகிறது. போர்க்களத்தில் பெருமாள் அருகே அவள் இல்லை.

ஈச்வரன் பக்கத்துப் பேச்சு எப்படியிருக்கும் என்பதை மணவாளமாமுனிகள் தம் வ்யாக்யானத்தில் ஒரு ஸம்வாதமாகவே விரித்தருளினார். இவன் குற்றங்களைப் பொறுத்தால் தண்டிக்கச் சொன்ன சாஸ்த்ரம் என்னாவது என்பது அவன் கேள்வி. தண்டித்தால் உன் கிருபை முதலான குணங்கள் என்னாவது என்பது அவள் கேள்வி. இரண்டும் ஜீவிக்க வேண்டுமே என்று அவன் தடுமாற, முகம் திருப்பிப் போகிறவர்களிடம் சாஸ்த்ரமும், முகம் காட்டி வந்தவர்களிடம் கிருபையும் செல்லட்டும் என்று வழி சொல்கிறாள். இது மீமாம்ஸகர்கள் விரோதிக்கும் இரண்டு வாக்யங்களுக்கு விஷயவிபாகம் செய்யும் முறையேயாகும். சாஸ்த்ரத்தை மீறச் சொல்லவில்லை, மறக்கச் சொல்லவில்லை. அது செல்லும் இடத்தை வரையறுத்தாள். அந்த இளைஞருக்கு அன்று இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு அநீதி செய்த கடிதம் விதியை மீறச் செய்தது. இங்கே விதி அதன் இடத்தில் நிற்கிறது. தகுதியுள்ள ஒருவனுடைய இடம் பறிபோவதுமில்லை.

சிபாரிசு என்பாருக்கு இன்னும் இரண்டு பிடிகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. உபதேசத்துக்கு வசப்படாதபோது ஈச்வரனை அழகாலே திருத்துகிறாள் என்று அந்த ஸூத்ரங்களே சொல்கின்றன. செல்வாக்கு என்றதும் இதுதானே என்பார்கள். பட்டரும், தகப்பனைப்போல் ஹிதத்துக்காகச் சீறும் எம்பெருமானைத் தாயான பிராட்டி உசிதமான உபாயங்களால் 'விஸ்மார்ய', மறக்கச்செய்து, நம்மை ஏற்கச் செய்கிறாள் என்றார். ஸர்வஜ்ஞனை மறக்கச் செய்வது மயக்குவதன்றோ என்பார்கள்.

இரண்டாவதற்கு விடை பட்டரிடமே உண்டு. ஸஹஸ்ரநாம பாஷ்யத்தில் 'அவிஜ்ஞாதா' என்னும் திருநாமத்துக்கு, அடியார்களின் குற்றத்தை அறியாதவன் என்று அவர் பொருள் அருளிச்செய்தார். அந்த அறியாமை அவனுக்கு ஒரு திருநாமம். வெளியிலிருந்து எவரும் ஏற்றியதன்று. பிராட்டி மறக்கச்செய்வது அவனுக்கு இயல்பான அந்த மறதியைத்தான். முதலாவது சற்றுக் கடினம். அழகு வாதமன்று, அதற்கு மறுப்புச் சொல்ல இயலாது. ஆயினும் ஸூத்ரகாரர் வைத்த முறையைப் பாருங்கள். உபதேசம் முன்னே, அழகு பின்னே. சேதனன் பக்கத்தில் அழகின் இடத்தில் அருளை வைத்தார். எடுத்த எடுப்பிலேயே அழகை வைத்திருந்தால் ஆக்ஷேபம் நிற்கும். எல்லா ந்யாயமும் எடுத்துரைத்த பிறகு, ந்யாயத்துக்கு விடை இல்லாமல் ஸ்வாதந்த்ர்யம் ஒன்றாலே அவன் நிற்கும்போதுதான் அழகு வருகிறது. அது இல்லாத காரணத்தை உண்டாக்குவதில்லை. உள்ள காரணத்துக்கு நின்ற தடையை நீக்குகிறது. இதற்குமேல் இந்த ஸூத்ரத்தைத் துளைத்துக் கேட்க அடியேனுக்கு அதிகாரமில்லை.

நம்மாழ்வார் தூதுவிடும் திருவாய்மொழிகள் நான்கிலும் இதே முறையைக் காணலாம். ஆசார்யஹ்ருதயம் இவற்றுக்குக் காட்டும் ஒழுங்கு ப்ரஸித்தம்: முதற்பத்தின் நான்காவது வ்யூஹத்தில் பொறுமையைப் பற்றியது, ஆறாம்பத்தின் முதலாவது விபவத்தில் அடியாரைக் காக்கும் தீக்ஷையைப் பற்றியது, அதே பத்தின் எட்டாவது பரத்வத்திலும் அந்தர்யாமித்வத்திலும் ஸாரஸ்யத்தைப் பற்றியது, ஒன்பதாம்பத்தின் ஏழாவது திருமூழிக்களத்து அர்ச்சையில் ஸௌந்தர்யத்தைப் பற்றியது. பறவைகள் கொண்டுபோகும் செய்தியில் எம்பெருமான் அறியாதது ஒன்றுமில்லை. நாயகியின் தகுதியை அவை எடுத்துச் சொல்வதாகவுமில்லை. அவனுடைய ஒரு குணத்தை அவனுக்கே நினைப்பூட்டிவிட்டு வருவதே அவற்றின் காரியம். அந்தப் பறவைகளை ஆசார்யர்களாகவும், இரு சிறகை ஞானமும் அனுஷ்டானமுமாகவும் ஸ்வாபதேசம் கொள்வது நம் ஸம்ப்ரதாயம். அனுஷ்டானம் என்னும் சிறகில்லாமல் சொல் மட்டும் உள்ள பறவை போய்ச்சேராது என்று விரித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொல்பவரைப் பற்றியும் இது ஒரு வார்த்தை.

ஆகவே உபதேசம் என்று ஆசார்யர் இட்ட சொல்லையே வைத்துக்கொள்வோம். எளிய சொல்தான் வேண்டும் என்றால் 'பரிந்துரை' என்பதுகூட இன்று அலுவலகச் சொல்லாகிவிட்டது. 'எடுத்துச் சொல்லித் திருத்துகிறாள்' என்று மூன்று சொல்லாக நீட்டினாலும் குறையில்லை. பிராட்டி தானே உபாயமுமாவாளா என்பதில் தேசிக ஸம்ப்ரதாயத்தாருக்கும் நமக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இங்கே வேலையில்லை. அவர்களும் இந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் சேர்த்தியின்போது கத்யத்ரயம் ஸேவிக்கப்படுகிறது. சரணாகதி கத்யத்தில் எம்பெருமானார் முதலில் பிராட்டியைச் சரணம் புகுகிறார். அவள் திருவாக்கு மிகச் சுருக்கம்: அப்படியே ஆகட்டும், அதனாலே எல்லாம் ஸித்திக்கும் என்னும் அளவே. எம்பெருமான் பின்னால் அருளிச்செய்வதோ நீண்ட வார்த்தை. இந்த இரண்டுக்கும் நடுவே அவள் அவனிடம் என்ன சொன்னாள் என்பது கத்யத்தில் இல்லை. இல்லத்தில் சந்தை சொல்லிவைக்கும்போது அடியேனுடைய திருத்தகப்பனார் பிராட்டியின் திருவாக்கு முடிந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துவார். ஏன் என்று கேட்டதற்கு, "அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், இரு" என்றார்.